ஒற்றைப் பீப்பாய் கறுத்த கதை

அரவிந்தன் கண்ணாடிக் குவளையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். விஸ்கி தேன் நிறத்தில் இருக்க வேண்டும். இதுவோ பேனா மை போலக் கறுத்திருந்தது. போன மாதம் இதே பீப்பாயிலிருந்து எடுத்தபோது செம்பொன்னாக மின்னியது. இன்று காலை அவனே உடைக்கும்வரை மூடியின் அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. நாக்கில் வைத்தால் என்னவோ ஒரு கசப்பு. எங்கோ பழகிய ருசிதான், எதுவென்று பிடிபடவில்லை. கிடங்குக்குப் பொறுப்பானவன் அவன். காரணமும் அவனுக்குத் தெரியவில்லை.

முதலாளி தட்சணாமூர்த்திக்கு யோசிக்கப் பொறுமை கிடையாது. "பக்கிரியப் புடிச்சுக் கட்டு" என்றார்.

மேஸ்திரி மாயவன் பாய்ந்தான். பீப்பாய்களுக்கு வளையம் இறுக்குகிற பக்கிரியைத் தூணோடு சேர்த்துக் கட்டினான். மரக்காணத்து உப்புக்காற்றில் துருவேறிக் கிடந்த இரும்புக் குழாயை எடுத்து முழங்காலில் போட்டான். எலும்பில் விழுந்த சத்தம் தகரக் கூரைவரை கேட்டது. முந்தின வாரம் முதலாளி அவன் கன்னத்தில் அறைந்தபோது, "உன் சரக்கு நாசமாப் போவும்" என்று பக்கிரி சொல்லியிருந்தான். சந்தேகப்பட அது போதுமானதாக இருந்தது.

"இன்னாடா ஊத்துன உள்ள?" என்றார் முதலாளி.

"ஆத்திரத்துல வாய்க்கு வந்தத சொன்னேன். சரக்குல கை வைக்கல மொதலாளி. முத்திரைய ஒடைக்காம ஊத்த நான் இன்னா மந்திரவாதியா?"

"நக்கலு வேறயா?" மாயவன் விலாவில் ஒன்று போட்டான்.

அந்தப் பீப்பாய்மேல் முதலாளிக்கு அத்தனை ஆசை. சாதாரண விஸ்கி, பல பீப்பாய்ச் சரக்கைக் கலந்து வருவது. ஒன்றின் குறையை இன்னொன்று மறைத்துவிடும். ஒற்றைப் பீப்பாய் விஸ்கியில் அந்த ஒளிவு மறைவு நடக்காது. அந்த ஒரு பீப்பாயிலிருந்து வருகிற பாட்டில்கள்தான், தீர்ந்தால் தீர்ந்தது. அமெரிக்க ஓக் மரப் பீப்பாயில் நாலு வருஷம் கிடந்த சரக்கை, ஐரோப்பாவில் ஒயின் ஊறிக் காலியான இரண்டு பீப்பாய்களுக்குக் கடைசியாக மாற்றியிருந்தார்கள். மரத்துக்குள் உறிஞ்சப்பட்டிருந்த ஒயின் மெல்ல விஸ்கிக்குள் இறங்கும். உலர்ந்த திராட்சையின் இனிப்பும் சிவப்பும் ஏறும். இரண்டில் இந்தப் பீப்பாய்க்குத்தான் பெங்களூர் வியாபாரிகள் சாயங்காலம் வருவதாக இருந்தது.

"சோத்துக் கைய கல்லு மேல வை. சொல்றவரைக்கும் ஒவ்வொரு வெரலா நசுக்கு" என்றார் முதலாளி.

குழாய் இறங்கியது. சுண்டுவிரல் நசுங்கியது. பக்கிரி அலறிய அலறலில், பக்கத்து உப்புப் பாத்தியில் வாரிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தக் கை போனால் அவனுக்குத் தொழில் இல்லை. அரவிந்தன் ஓடிப்போய் மாயவனின் தோளைப் பிடித்து இழுத்தான். மாயவன் திமிறியதில் முழங்கை அவன் வாயில் இடித்தது. உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம்.

அரவிந்தன் துப்பவில்லை. நாக்கால் தடவிப் பார்த்தான். காலையில் விஸ்கியில் இருந்த அதே ருசி.

"இரும்பு!" என்று கத்தினான். "நிறுத்துடா, உள்ள இரும்பு இருக்குது!"

மாயவன் கையிலிருந்த குழாயைப் பிடுங்கி, ஈரத் துருவைக் கத்தியால் சுரண்டினான். இரண்டாவது ஒயின் பீப்பாயிலிருந்து நல்ல விஸ்கி கொஞ்சம் வேறொரு குவளையில் பிடித்து, துருவை அதில் போட்டுக் கலக்கினான். "கடுக்காயையும் அன்னபேதியையும் சேத்துத்தான் அந்தக் காலத்துல மை காய்ச்சுனாங்க. கடுக்காயில இருக்கற துவர்ப்பு ஓக் மரத்துலயும் இருக்குது. அமெரிக்க மரத்தவிட ஐரோப்பா மரத்துல ஜாஸ்தி. அன்னபேதில இருக்கறது இரும்பு. துவர்ப்பும் இரும்பும் சேந்தா கறுப்பு. பாருங்க சார்."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே குவளை மங்கியது, பிறகு கறுக்கத் தொடங்கியது.

பீப்பாயின் வளையங்களும் இரும்புதான். ஆனால் அவை வெளியே இருப்பவை, விஸ்கியைத் தொடுவதில்லை. அப்படியானால் எதுவோ மரத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டும். அரவிந்தன் சுவரோரம் நுழைந்து பீப்பாயின் முதுகைக் கையால் தடவினான். படகுக்கு அடிக்கிற நீள ஆணி ஒன்றின் தலை விரலில் பட்டது. அதில் மஞ்சள் கயிறு சுற்றியிருந்தது.

மாயவன் அரவிந்தனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நீதான சார் சொன்ன, சரக்கு கொறையறது தேவதைங்க குடிக்கற பங்குன்னு? கண்ணுக்குத் தெரியாம வந்து குடிக்கறது தேவதையா? போன மார்கழில கடலு அத்தினி பேர வாரிக்கினு போச்சே, அந்தச் செத்ததுங்க ஆவிதான். இதுல மட்டும் கடகடன்னு கொறஞ்சுது. புளியமரத்துல பேய அடிக்கற மாதிரி அடிச்சுக் கட்டுனேன். ஆணியால கறுக்கும்னு எனக்கு இன்னா தெரியும்? மெய்யாலுமே பக்கிரிதான் ஊத்துனான்னு நெனச்சேன்."

"காத்துல ஆவியாப் போறதத்தான்யா அப்படிச் சொல்லுவாங்க. இந்தப் பீப்பா மத்ததவிட காஞ்சு கெடந்துது. காஞ்ச மரம் மொதல்ல தானே குடிக்கும்."

அரவிந்தன் முடிப்பதற்குள் முதலாளி குழாயை எடுத்து மாயவனின் தோளில் இறக்கிவிட்டார். மாயவன் மண்டியிட்டு விழுந்தான். குழாய் மறுபடி ஓங்கியது.

"அவன அடிச்சா சரக்கு வெளுத்துடுமா?" தூணிலிருந்து பக்கிரி கேட்டான். "மொதல்ல கயித்த அவுருங்க."

முதலாளியின் கை அப்படியே நின்றது. அரவிந்தன் கயிற்றை அறுத்தான். பக்கிரியை முதலாளியின் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். நசுங்கியது ஒரு விரல்தான், மற்ற நாலும் தப்பின. பிறகு, இனி செய்ய வேண்டியதைச் சொன்னான்.

ஆணியைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் ஓக் முளை அடிக்க வேண்டும். கறுத்த விஸ்கியை மறுபடி கொப்பரையில் ஊற்றிக் காய்ச்ச வேண்டும். இரும்பும் கறுப்பும் அடியில் தங்கிவிடும், தெளிந்த சாராயம் ஆவியாகி மேலேறி வரும். நாலு வருஷத்து நிறமும் மணமும் போய்விடும், சாராயம் மிஞ்சும். வியாபாரிகளுக்கு ஆணி அடிக்காத இரண்டாவது பீப்பாயைக் கொடுக்க வேண்டும். மாயவனின் ஆணியைக் கிடங்கு வாசல் நிலையில் அடித்துவிடலாம். பேய் வந்தாலும் வாசல் வழியாகத்தான் வரும், அங்கே இரும்பு விஸ்கியைத் தொடாது.