கழுவிய ஜல்லி

ஆபரேஷனுக்குக் கிளம்பிய அன்றைக்கு அண்ணன் தன் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் மீனைப் பற்றித்தான். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, நல்ல கையால் பின்பக்கத்து ஷெட்டைக் காட்டினான்.

"நீ ஒண்ணும் செய்யாத. காலைல ஒரு பிடி தீனி, சாயங்காலம் ஒரு பிடி. மோட்டாரை மட்டும் நிறுத்திடாத. மாமியார் சாப்பிட மாட்டா. அதுக்காக நீயும் பட்டினி கிடக்காத."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் வாயிலிருந்து கிண்டல் கேட்டு எவ்வளவு காலமாயிற்று.

மாமியார் என்பது தொட்டியில் இருந்த பெரிய பெண் திலாப்பியா. தீனி போட்டால் மற்ற மீன்களையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு முதல் பந்தியில் உட்காரும். பெயர் வைத்தது அண்ணன்தான். கறி வெட்டும் ஆலையில் இயந்திரம் அவனுடைய வலது கையில் மூன்று விரல்களைக் கொண்டுபோன பிறகு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன் அவன். தட்டை வைத்தால் சாப்பிடுவான், வைக்காவிட்டால் கேட்க மாட்டான். ஊரில் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். பிழைக்க வந்த இடத்தில் அண்ணனும் தங்கையுமாக இருந்த அந்த இரண்டு அறை வீட்டில் அவள் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தாள், சுவரோடு பேசுவதைப் போல.

பிறகு ஒருநாள் போனில் ஏதோ வீடியோ பார்த்தான். எழுந்தான். பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றை எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்தான். இடது கையாலேயே அறுத்தான், துளை போட்டான், குழாய் மாட்டினான். கீழே தொட்டியில் மீன். அதற்கு மேலே ஜல்லி நிரப்பிய அகலமான தட்டு. ஜல்லியில் மண்ணே இல்லாமல் கீரையும் தக்காளியும். மோட்டார் மீன் தொட்டித் தண்ணீரை மேலே ஏற்றும், அது ஜல்லி வழியாக இறங்கித் திரும்பத் தொட்டிக்கே வரும். அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டி விளக்கினான். "மீன் செடிக்குச் சோறு போடுதும்மா, செடி மீனுக்கு வீடு கூட்டுது."

"அப்ப நீ என்னடா செய்யிற?"

"நான் வேடிக்கை பாக்கிறேன்."

அம்மா அன்றைக்குப் போனை வைத்துவிட்டு அழுதாள் என்று பிற்பாடு சித்தி சொன்னாள்.

அப்புறம்தான் அந்தப் பெரிய சேதி. மாமியார் தீனிக்கு வரவில்லை. தொட்டியின் மூலையில் ஒதுங்கி நின்றாள், தாடைக்குக் கீழே தொண்டை உப்பியிருந்தது. நோயென்று தங்கை பதறினாள். அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி சமையலறைக்கு ஓடி வந்து அவளுடைய கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினான். இந்த மீன் முட்டையை வாய்க்குள் வைத்துத்தான் அடைகாக்கும். பொரிந்து குஞ்சாகி நீந்தும் வரை தாய் ஒன்றும் சாப்பிடாது. அடுத்த நாளே குஞ்சுகளுக்கென்று ஒரு சின்ன டப் வாங்கி வைத்தான். கூடவே, மாதக்கணக்காக வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிப்போட்ட கை ஆபரேஷனுக்குச் சம்மதமும் சொன்னான். குஞ்சுகளை எண்ணிப் பிரித்து விடுவதற்கு இரண்டு கையும் வேண்டும், அதுதான் காரணம். அம்மா சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். எதைப் பெரிதாகச் சொன்னாள், ஆபரேஷனையா முட்டையையா என்பது அவளுக்கே வெளிச்சம்.

அப்படிப்பட்ட மீனைத்தான் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் வீட்டுக்காரம்மா வந்தாள். ஷெட் கதவைத் திறந்ததுமே முகத்தைச் சுளித்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். நாற்றம் அடிக்கிறது என்று பக்கத்து வீட்டில் புகார் சொல்கிறார்களாம். வார முடிவில் மறுபடி வந்து பார்ப்பாளாம், அப்போதும் இப்படியே இருந்தால் தொட்டியை எடுத்து வெளியே போட வேண்டியதுதானாம். தங்கைக்கு அந்த ஊர் மொழி பாதிதான் புரியும். ஆனால் வெளியே என்று கை காட்டியது முழுக்கப் புரிந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தது. ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும் நேரம். நல்லதுதான், மயக்கத்தில் கிடக்கிறவனிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஷெட்டுக்குள் நின்று மோந்து பார்த்தாள். நாற்றம் இருக்கத்தான் செய்தது. ஜல்லியில் கைவிட்டாள். வழவழவென்று பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், பிடிபட்டுவிட்டது. அவள் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கிறவள். சூப்பர்வைசர் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பார், துணியில் கறை இருந்தால் மறுபடி முதலிலிருந்து. அவள் கழுவிய அறையில் அவர் இதுவரைக்கும் கறை கண்டதில்லை. வடிகட்டியைக் கழுவாமல் டீ போட்டால் டீ நாறாதா? இது அந்த மாதிரி வடிகட்டிதானே. ஒன்றும் செய்யாதே என்று அண்ணன் சொன்னது மீனைத்தான், கல்லையில்லை.

ஒரு விடுமுறை நாள் முழுக்க அதற்கே போயிற்று. செடிகளை வேரோடு தூக்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தாள். ஜல்லியை வாளி வாளியாக அள்ளி பிளீச் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்தாள். வாசனை போகும் வரைக்கும் குழாயடியில் அலசினாள். ஒரு சொட்டு பிளீச்கூடத் தொட்டியில் விழாமல் அவ்வளவு பதனமாகச் செய்தாள். தட்டைத் தேய்த்தாள், குழாய்களைத் தேய்த்தாள், தரையைக் கழுவிவிட்டாள். எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி மோட்டாரைப் போட்டபோது இடுப்பு ஒடிந்தே போயிற்று. ஆனால் ஜல்லி முத்து மாதிரி வெளுத்திருந்தது. மாமியார் மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வார முடிவில் வீட்டுக்காரம்மா வந்தாள். ஷெட் முழுக்க ஆஸ்பத்திரி வாசனை. கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். தங்கைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த உயிர் நிலைத்தது ஒரு ராத்திரிதான். காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பசிக்கிறது போல என்று ஒரு பிடி கூடுதலாகப் போட்டாள். தின்னவில்லை. சாயங்காலமும் போட்டாள். தீனி ஊறிக் கரைந்து அடியில் படிந்தது. தண்ணீர் மட்டும் கண்ணாடி போல இருந்தது. தண்ணீர் இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது என்ன கேடு வரும்? மறுநாள் ஒன்று மல்லாந்து மிதந்தது. அதற்கு மறுநாள் எடுத்துப்போட வாளி தேவைப்பட்டது.

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான். குரல் தெளிந்திருந்தது, மிச்ச விரல்களுக்கு உணர்ச்சி வருகிறதாம். பேச்சின் கடைசியில், எதிர்பார்த்தபடியே கேட்டான்.

"மாமியார் எப்படி இருக்கா?"

"இன்னும் சாப்பிடல" என்றாள்.

பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேலையிடத்தில் துடைத்த தரையையே மறுபடி துடைத்தாள்.

வீடு திரும்பியவன் பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி நேராக ஷெட்டுக்குப் போனான். அவள் பின்னாலேயே போனாள். தொட்டியில் மிதந்தவை போக அடியில் கிடந்தவள் மாமியார் மட்டும்தான், பக்கவாட்டில் சாய்ந்து. செவுள் அசையவில்லை.

அண்ணன் தொட்டியைப் பார்க்கவில்லை. முதலில் தட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்தான். கட்டை விரலால் தேய்த்தான். மூக்கில் வைத்துப் பார்த்தான்.

"கழுவினியா?"

"நாத்தம் அடிக்குதுன்னு வீட்டுக்காரம்மா வந்தாங்கண்ணா. தொட்டியத் தூக்கி வெளிய போட்டுருவேன்னாங்க. நான் கல்லை மட்டும்தான்…"

"எதுல கழுவின?"

அவள் சொன்னாள்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. கல்லைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"அந்த வழவழப்பு அழுக்கு இல்லம்மா. அதுக்கு உயிர் இருக்கு. மீன் கழிவுல இருக்கிற விஷத்தை அதுதான் முறிச்சு செடிக்கு எருவாக்கித் தரும். அது ஊறி வர்றதுக்குத்தான் நான் ரெண்டு மாசம் மீனே விடாம வெறும் தண்ணிய சுத்த விட்டுட்டு உக்காந்திருந்தேன். அது செத்துச்சுன்னா, மீனுங்க அதுங்களோட மூத்திரத்துலயே நிக்கணும். பாக்கத் தண்ணி நல்லாத்தான் இருக்கும்."

"நீங்க சொல்லலையேண்ணா."

"ஒண்ணும் செய்யாதன்னு சொன்னேன்."

பிறகு ஷெட் மூலைக்குப் போய்த் தீனிச் சாக்கைக் காலால் சாய்த்தான். அடிப்பக்கம் ஈரத்தில் ஊறிக் கறுத்துப் பூசணம் பிடித்திருந்தது. சாக்கு சாய்ந்ததும் அதே நாற்றம் குப்பென்று எழும்பியது, பிளீச் வாசனையையும் மீறி. சாக்கை வெளியே வைத்திருந்தால் போதும்.

சட்டைக் கையை மடிக்காமலே தொட்டிக்குள் இடது கையை விட்டு மாமியாரைத் தூக்கினான். வாய் இறுக மூடியிருந்தது. குஞ்சுகளுக்கென்று வாங்கிய டப்பின் விளிம்பில் சாய்த்து, சுண்டு விரல் நுனியால் பக்குவமாகத் திறந்து, உள்ளே கவிழ்த்தான். அரிசிக் குருணை போலக் கொட்டின. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கறுப்புப் புள்ளி, கண். வயிற்றில் மஞ்சளாக ஒரு துளி. டப்பை லேசாக ஆட்டிப் பார்த்தான். தண்ணீர் ஆடிய பக்கமெல்லாம் அவையும் ஆடின, தண்ணீர் நின்றதும் நின்றன. இன்னொரு தடவை ஆட்டினான்.

"கடைசி வரைக்கும் துப்பல பாரு" என்றான்.

அப்போதுதான் அவளுடைய போன் அடித்தது. அம்மா. அவள் எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. அண்ணன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான். வீடியோவை அணைத்துவிட்டுப் பேசினான். கை பரவாயில்லை, சாப்பிட்டேன், வலி இல்லை. அம்மா எதற்காகப் போன் போட்டிருக்கிறாள் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். குரல் வெளியே கேட்டது. குஞ்சு வந்துச்சாடா?

"வந்துருச்சும்மா. எக்கச்சக்கம். எண்ணி முடியல."

அம்மா அந்தப் பக்கம் யாரையோ கூப்பிட்டு உரக்கச் சொல்வது கேட்டது. தங்கச்சி எங்கே என்று கேட்டாள் போலிருக்கிறது. அண்ணன் அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"இங்கதான் நிக்கிறா. அவதாம்மா எல்லாத்தையும் பாத்துக்கிட்டா."

போனை அவள் கையில் வைத்துவிட்டு உள்ளே போனான். கட்டில் கிறீச்சிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பும்போது அந்தக் கட்டில் அப்படித்தான் சத்தம் போடும், அவளுக்குத் தெரியும்.

மோட்டாரை நிறுத்த அவளுக்குக் கை வரவில்லை. வெளுத்த ஜல்லி வழியாகத் தண்ணீர் இறங்கி, உயிரில்லாத தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. போனில் அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.