பட்டாளத்தில் படித்த புத்தகங்கள்

புத்தகத்தின் கடைசி ஃபாரத்தை, அச்சாகி வந்த பெரிய தாளை, மடிக்க எடுத்தபோதுதான் பார்த்தேன். "என்னை உருவாக்கிய நூல்கள்" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே பத்துப் புத்தகங்களின் பெயர்கள். ஒன்றைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அது நான் எழுதிய புத்தகம்.

பைண்டிங் பட்டறையில் யாருக்கும் அது தெரியாது. அட்டையில் இருந்தது புனைபெயர்.

பக்கத்தில் தையல் மெஷின் ஓட்டும் அக்கா தாளைப் பிடுங்கி உரக்கப் படித்தாள். "'பட்டாளத்தில் இருந்தபோது கூடாரத்தில் படித்தவை.' அடேயப்பா! இந்த ஆளு சண்டை போட்டாரா, படுத்துக்கிட்டுக் கதை படிச்சாரா?"

பட்டறையே சிரித்தது. நான் தாளைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டேன்.

பிடித்த புத்தகங்களை எழுதித் தரச்சொல்லிப் பதிப்பகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. "நீ வாயத் திறக்க மாட்டே, நான் பாத்துக்கறேன்" என்று அண்ணன்தான் வாங்கிப் போனான். எவனோ வெளிநாட்டு எழுத்தாளனின் பேட்டியை அப்படியே இறக்கி வைத்திருக்கிறான்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுந்து நின்று படிக்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இங்கே வந்த பிறகுதான் படித்தேன். ஒரு புறம் மட்டும் அச்சாகிக் கழிந்த தாள்கள் மூலையில் கிடக்கும். ஒன்று, நான்கு, ஐந்து, எட்டு என்று பக்கங்கள் இருக்கும். மறுபுறம் வரவேண்டிய இரண்டும் மூன்றும் இருக்காது. முதல் பக்கத்தில் குதிரை ஏறிய இளவரசி நான்காம் பக்கத்தில் கிணற்றுக்குள் இருப்பாள். நடுவில் நடந்ததை அந்தத் தாளின் வெற்று முதுகிலேயே எழுதுவேன். தைத்து நோட்டாக்கி வீட்டில் பெட்டிக்கு அடியில் ஒளிப்பேன். என் புத்தகத்தில் வரும் பறக்கும் ஊரும் பேசும் கதவும் அங்கே பிறந்தவை.

முதல் பிரதியை வாங்க அண்ணன் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். தாளை நீட்டினேன்.

"நான் எப்போ பட்டாளத்துக்குப் போனேன்?"

படித்தான். முகம் செத்துப்போனது. "அந்த வரி தெரியாம சேந்து வந்துடுச்சு. மெதுவா பேசு. கழிவுத் தாள் படிச்சேன்னு போட்டா உன்னை யாரு மதிப்பா?"

"அந்தக் கழிவுலதான் எழுதினேன். அந்த நோட்டைத்தானே எனக்குத் தெரியாம பதிப்பகத்துக்குத் தூக்கிட்டுப் போய்க் குடுத்தே? அப்போ வெக்கமா இல்லையா?"

என் தொண்டையில் இவ்வளவு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. தையல் மெஷின் நின்றது.

"அடி ஊமைக்கோட்டான், நீயா எழுதினே?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. நான்தான். இந்தப் பொய்யோட இது வெளிய போகக்கூடாது."

முதலாளி தலையைச் சொறிந்தார். "அச்சடிச்சாச்சேம்மா. சாயங்காலம் வண்டி வந்துடும். திருத்தச் சீட்டு வேணா ஒட்டலாம்." பதிப்பகத்துக்குப் போன் போட்டார். சரி என்றார்கள். நானே எழுதிக் கொடுத்தேன். பக்கத்து அச்சகத்தில் அடித்து வந்தது.

"பிழைதிருத்தம்: இந்நூலாசிரியர் பட்டாளத்தில் இருந்ததில்லை. மேலே உள்ள நூல்களைப் படித்ததுமில்லை. அவர் படித்தவை பைண்டிங் பட்டறையில் கழிந்த தாள்கள். மிகவும் பிடித்தது, கிணற்றுக்குள் போன இளவரசியின் கதை. நூலின் பெயர் தெரியாது."

பசைக் கிண்ணத்தை அண்ணன் முன்னால் நகர்த்தினேன். "ஐநூறு இருக்கு. ஒட்டு."

"நானா?"

"பட்டியல் எழுதினது யாரு?"

"உக்காருங்க, பட்டாளத்துக்காரரே" என்று அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவன் உட்கார்ந்து முதல் சீட்டை ஒட்டினான்.

"கோணல்" என்றேன். "பிச்செடுத்துட்டு மறுபடி ஒட்டு."