வாயாலேயே துணி துவைத்தவர்

"ஒரே ஒரு வாக்கியம்தான் மச்சான். நாப்பத்திரண்டு வீட்டுத் துணியையும் துவைச்சுப் பிழிஞ்சுட்டேன். கைகூட நனையலை!"

ரயில் நிலையத்தில் முப்பத்தாறு வருடம் ஒலிபெருக்கியில் முழங்கி ஓய்வு பெற்ற அறிவிப்பாளர், கதவைத் திறந்ததும் திறக்காததுமாக மனைவியின் தம்பியிடம் இப்படித்தான் ஆரம்பித்தார். மச்சான் லிப்ட் மெக்கானிக். திருகாணியைக் கழற்றிப் பார்க்காமல் சூரியன் உதித்ததைக்கூட நம்பாத ஆசாமி.

குடியிருப்பைக் கட்டியவர் வீட்டுக்கு ஒரு பேசும் பெட்டியைச் சுவரில் பதித்துக் கொடுத்திருந்தார். லிப்டுக்குள்ளும் ஒன்று. வாயைத் திறந்தால் விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும், துணி துவைக்கும் இயந்திரம் ஓடும். அறிவிப்பாளரின் முழங்கால் தேய்ந்த மனைவிக்கு முதல் வாரம் சொர்க்கம்தான். இரண்டாம் வாரம் கணவரின் தொண்டை வேலையைக் காட்டியது. அவள் கடைக்குப் போன ஒரு காலையில், ஜன்னலெல்லாம் திறந்திருக்க, பன்னிரண்டு நடைமேடைக்கும் எட்டுகிற குரலில் "துணி துவைக்கவும்!" என்றாராம். நாற்பத்திரண்டு வீட்டு இயந்திரங்களும் ஒன்றாகச் சுழன்றனவாம். ஒன்றுக்குள் தூங்கிய சாம்பல் நிறப் பூனை கண்கூசும் வெள்ளையாக வெளியே வந்ததாம். வேலைக்குப் போய்த் திரும்பிய அக்கம்பக்கத்தார் மின்சாரக் கோளாறு என்று முடித்துக்கொண்டார்கள்.

பெட்டியோடு பேசிப் பேசி மனுஷருக்கு மறை கழன்றுவிட்டதோ என்று மனைவிக்குக் கவலை.

"நீயே பாரு தம்பி. நிஜம்னு நீ சொன்னா பெட்டி இருக்கட்டும். இல்லேன்னா கையோட கழட்டி எடுத்துட்டுப் போ."

அறிவிப்பாளர் அவசரமாகப் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் பேச்சைக் கடைசிவரை கேட்ட ஒரே ஜீவன் அந்தப் பெட்டிதான்.

"எங்கே, சொல்லுங்க மாமா. ஊரே கேக்கட்டும்" என்றார் மச்சான்.

அறிவிப்பாளர் ஜன்னலோரம் நின்று கனைத்துக்கொண்டார். மச்சானை அசத்துவதற்காக லிப்டையும் சேர்த்துக்கொண்டார். ஆனால் பதற்றத்தில் நாக்கு பழைய தண்டவாளத்தில் ஏறிவிட்டது.

"கனிவான கவனத்திற்கு! அனைத்துத் துணி துவைக்கும் இயந்திரங்களும், லிப்டும், நாற்பது நிமிடம் தாமதமாகப் புறப்படும்!"

கப்சிப். எங்கோ ஒரு குழாய் சொட்டியது.

"குரல் பிரமாதம் மாமா. வண்டியைத்தான் காணோம்."

"தாமதம்னு சொல்லித் தொலைச்சுட்டேன்யா! பழக்கதோஷம்!"

"முப்பத்தாறு வருஷமா இதே சாக்குதானே?"

நாலே திருகு, பெட்டி மச்சானின் அக்குளுக்குப் போய்விட்டது. விறுவிறுவென்று லிப்டுக்குள் நுழைந்தார். கதவு மூடியது. லிப்ட் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தட்டும் சத்தம். "அக்கா! எந்தப் பொத்தானை அமுக்கினாலும் 'தாமதத்திற்கு வருந்துகிறோம்'ங்குது!"

"ஏங்க, புறப்படச் சொல்லுங்களேன், பாவம்" என்றாள் மனைவி.

"அறிவிச்சதை மாத்தக் கூடாது. பயணிகள் குழம்பிடுவாங்க." அறிவிப்பாளர் நாற்காலியைக் கொண்டுவந்து லிப்ட் வாசலில் போட்டு, கடிகாரத்தோடு உட்கார்ந்தார். முகத்தில் அப்படியொரு தேஜஸ்.

"மாமா, பதினாறு திருகாணியும் கழட்டியாச்சு! எல்லாம் நல்லாத்தான் இருக்கு! ஏன் நகர மாட்டேங்குது?"

"இன்னும் பதினொரு நிமிஷம் இருக்கு மச்சான்."

நாற்பதாவது நிமிடம் கட்டடமே உறுமியது. மாடிக்கு மாடி இயந்திரங்கள் சுழன்றதில் அறிவிப்பாளர் உட்கார்ந்திருந்த நாற்காலி அவரையும் சுமந்துகொண்டு படிக்கட்டுவரை நடந்தது. லிப்ட் கீழே போய், மச்சானை இறக்காமலே மேலே வந்து, கதவைத் திறந்தது.

வியர்வையில் தொப்பலாக நனைந்த சட்டையோடு வெளியே வந்த மச்சான், பெட்டியை அக்காவின் கையில் வைத்தார்.

"என்னடா, நிஜந்தானா?"

அவர் மாமாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "நடந்துச்சுக்கா. ஒரு நொடி முன்னே பின்னே இல்லை."