கடைசி ஐந்து இலக்கங்கள்

ஜனவரி மூடுபனியில் கரோல்பாக் தெருவிளக்குகள் இன்னும் அணையாத நேரத்திலேயே அந்த நிலவறையில் வேலை தொடங்கிவிடும். விறைத்த விரல்களை அக்குளில் இடுக்கிச் சூடேற்றிக்கொண்டுதான் பெண்கள் இயந்திரத்தின் முன் உட்காருவார்கள். அப்புறம் பேச்சு கிடையாது. இயந்திரங்கள் ஒரே சமயத்தில் கம்ப்யூட்டருக்கான அட்டைகளில் எண்களைத் துளைகளாகக் குத்தும் இரைச்சலில் பல் கூசும். உதிரும் காகிதத்தூள் தொண்டையில் ஒட்டும். மதியத்துக்குள் மணிக்கட்டு வீங்கிவிடும்.

பொன்னம்மாளின் இயந்திரம் குத்தாது; சரிபார்க்கும். மற்றவர்கள் குத்திய அட்டையைச் செருகி, அதே எண்ணை அவள் மறுபடி அடிக்க வேண்டும். பொருந்தாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். குத்தியவளுக்கு முதலாளி அறையில் அர்ச்சனை நடக்கும்.

அதனால் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அவள் வந்தால் சிரிப்பு அடங்கும். விருதுநகர்க்காரி. அண்ணன் குடும்பத்தோடு டில்லிக்கு வந்தவள், அவனைக் கௌஹாத்திக்கு மாற்றியபோது வேலையை விட மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்டாள். மொட்டைமாடியில் ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறக்காமலே பொழுது சாய்ந்துவிடும். மறுநாள் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது தன் குரலே யாருடையதோ போலிருக்கும்.

அந்த மாதம் ஒரு கட்டுமானக் கம்பெனியின் வேலை வந்திருந்தது. கல்லும் மண்ணும் சுமக்கும் ஆட்களுக்கெல்லாம் அந்தக் கம்பெனி பன்னிரண்டு இலக்கத்தில் அடையாள எண் கொடுத்திருந்தது. முதல் ஏழும் எல்லோருக்கும் ஒன்றே; கடைசி ஐந்துதான் ஆளுக்கு ஆள் மாறும். அவற்றை அட்டையில் குத்தி, கம்ப்யூட்டரில் ஏற்றி, அச்சிட்டுத் தர வேண்டும். தந்தார்கள். இரண்டாம் நாளே கம்பெனி மேனேஜர் வந்து கத்திவிட்டுப் போனார்.

முதலாளி கல்யாணராமன் பொன்னம்மாளை அறைக்குக் கூப்பிட்டார். புரோகிராம் எழுதும் சேஷு சுவரோரம் தலைகுனிந்து நின்றிருந்தான்.

"பாரு இதை."

அச்சிட்ட தாளில் ஒவ்வோர் எண்ணுக்கும் கடைசி ஐந்து இலக்கங்கள் பூஜ்யமாக இருந்தன. தாள் நெடுக ஒரே எண்தான். பெயர்கள் மட்டும் வேறு வேறு.

"கட்டடம் கட்டற எடத்துக் கேட்ல ஒருத்தனை உள்ளே விட்டுட்டு, அதே நம்பர் வெச்சிருக்கிற மத்தவாளையெல்லாம் கள்ள ஆளுன்னு துரத்தறாளாம். வைதேஹியும் கம்லேஷும்தான் நிறையக் குத்தினது. நீதான் சாட்சின்னு சொல்லி ரெண்டு பேரையும் இனிமே வர வேண்டாம்னுட்டேன். குத்தினதுதான் தப்புன்னு நீ ஒரு கையெழுத்துப் போடு."

"அந்த அட்டைய எல்லாம் நான் சரிபாத்தேன் சார். விளக்கு எரியலையே."

"எரிஞ்சுதுன்னு போடு. சூப்பர்வைசர் எடம் காலியாத்தான் இருக்கு."

சேஷு நிமிராமலே பேசினான். "இவ்வளவு நீள நம்பரைக் கணக்குப் போடற எண்ணா வெச்சது என் தப்பு சார். மெஷின் முதல் ஏழு இலக்கத்தைத்தான் பிடிச்சுக்கும்; மிச்சத்தைத் தோராயமாக்கிடும். பேரை வெக்கற மாதிரி எழுத்தா வெச்சிருக்கணும். நேத்தே சொன்னேனே."

"சொன்னே. வாடகை மெஷின்ல முதல்லேர்ந்து ஓட்டறதா? நம்ம தப்புன்னு ஒத்துண்டா அடுத்த வேலை தருவானா? ரெண்டு பொண்ணைப் போகச் சொன்னா ஒருத்தன் கேக்க மாட்டான்."

போட்டுவிடலாம் என்று பொன்னம்மாளுக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. காய்ச்சலில் கிடந்தபோது அவர்களில் எவள் எட்டிப் பார்த்தாள்?

"எரிஞ்சப்பல்லாம் எரிஞ்சதுன்னு சொன்னேன் சார். அதுக்குத்தான் அவங்க என்கூடப் பேசுறதில்ல. எரியாதத எரிஞ்சதுன்னு எப்படிச் சொல்லுவேன்? மாட்டேன்."

"அப்போ நீயும் கெளம்பு."

வெளியே வைதேஹி பையில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். டில்லியிலேயே பிறந்தவள்; அக்கா என்பதற்குத் தீதி என்றுதான் வாயில் வரும்.

"சைன் போட்டாச்சா தீதி? அச்சா, இனிமே நீங்கதான் சூப்பர்வைசர்."

"போடல. என்னையும் போகச் சொல்லிட்டாரு."

இரைச்சலில் அது வைதேஹிக்குக் கேட்கவில்லை. பொன்னம்மாள் கத்த வேண்டியிருந்தது. அந்தக் கூடத்தில் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அறையில் நடந்ததையெல்லாம் கத்தியே சொன்னாள். வைதேஹி அதை இந்தியில் மற்றவர்களுக்குச் சொன்னாள். கடைசி அட்டைகளைக் குத்திக்கொண்டிருந்த கம்லேஷ் தன் இயந்திரத்தை நிறுத்தினாள். பக்கத்திலிருந்தவள் நிறுத்தினாள். ஒவ்வொன்றாக எல்லாம் அடங்கியபோது, மேலே தெருவில் காய்கறிக்காரன் கூவுவது கேட்டது. அது அங்கே கேட்கும் என்பதே அதுவரை யாருக்கும் தெரியாது.

கல்யாணராமன் ஓடி வந்தார். "நேரு ப்ளேஸ்ல எத்தனையோ பேர் வேலைக்கு அலையறா. நாளைக்கே கொண்டு வருவேன்!"

"கொண்டாங்க சார்," என்றாள் வைதேஹி. "நாங்க படியில உக்காந்திருப்போம். எங்க ரெண்டு பேரையும் தீதியையும் திரும்ப எடுங்க. கம்பெனிகிட்ட நிஜத்தைச் சொல்லுங்க. அப்புறம் உள்ளே வரோம்."

மறுநாள் விடியுமுன்பே படி நிறையப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பொன்னம்மாளுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. "கேட்ல நிக்கிறவங்களுக்கு யாரு சொல்லுவா?" என்றாள். வைதேஹி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள்.

கட்டடம் எழும்பும் இடத்தின் இரும்புக் கேட்டுக்கு வெளியே பனியில் ஒரு கூட்டம் முண்டிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் சேலத்துப் பக்கத்து ஆட்கள். தலையில் சும்மாட்டோடு நின்ற ஒருத்தி வழி மறித்தாள்.

"பின்னாடி போ தாயி. மொத ஆளா நொழையறவங்களுக்குத்தான் வேல. நேத்து என் சொந்தத் தம்பியவே தள்ளிட்டுப் போனேன்."

அவள் பெயர் வேலம்மாள்.

"நான் வேலைக்கு வரலக்கா. உங்க நம்பரு ஆளுக்கொண்ணு, தனித்தனிதான். நாங்களும் சரியாத்தான் அடிச்சோம். கம்ப்யூட்டர்ல வச்சதுல வால் அறுந்துபோச்சு. எங்க முதலாளிக்குத் தெரியும், மறைக்கிறாரு."

"அப்ப நாங்க கள்ள ஆளுங்க இல்லியா?"

"இல்லக்கா."

வேலம்மாள் திரும்பி, கூட்டத்தை நோக்கி அதை உரக்கச் சொன்னாள். முண்டிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள்.

"இதயே எங்க மேனேஜர்கிட்ட சொல்லுவியா?"

"சொல்லுவேன். தனியாச் சொன்னா வெரட்டிருவாங்க."

"எதுக்குத் தனியா? நாங்கல்லாம் இல்ல? அப்புறம் உங்க முதலாளிகிட்டயும் வாரோம்."

உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. கேட் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. காவலாள் வழக்கம்போலத் தடியைக் குறுக்கே நீட்டினான்.

ஒருவரும் முன்னால் ஓடவில்லை.