வேலிக்கு அந்தப் பக்கம்

அஸ்வின் இறந்து பதினொரு மணி நேரம் ஆகியிருந்தது. வைஜெயந்தி குனிந்து தம்பியின் நெற்றியில் கலைந்திருந்த விபூதியைச் சரிசெய்தாள். சென்னையிலிருந்து மாமாவின் ஃப்ளைட் மதியம்தான் போர்ட் பிளேருக்கு வரும். அவர் சௌல்தாரி வீட்டுக்கு வந்து சேரும்வரை உடலை எடுக்க முடியாது.

"உங்க வம்சத்து வலிப்புதான எம்புள்ளைய முழுங்கிருச்சு," என்றாள் அம்மா. நாற்பது வயதிலேயே காது மந்தமானவள். பேச்சும் அழுகையும் எப்போதும் சத்தம்தான்.

அப்பா தலையாட்டினார். "ஆமா. எங்க சித்தப்பாவுக்கும் இருந்துச்சு."

மெயின்லேண்ட் ஆஸ்பத்திரியில் அஸ்வினின் நோயைப் பற்றிச் சொன்னது அவருக்கும் வைஜெயந்திக்கும் மட்டுமே தெரியும். "பழி எம்மேலயே கெடக்கட்டும், அவ தாங்க மாட்டா," என்று கப்பலில் திரும்பும்போது சொல்லியிருந்தார்.

அக்கா சௌமியாவுக்கு ஐந்து மாதம். வயிற்றுப் பிள்ளைக்காரி பிணத்தைப் பார்க்கக் கூடாதென்று காலையிலேயே வேலிக்கு அந்தப் பக்கம், வங்காளத்துக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யாரோ கொண்டுவந்திருந்த இட்லியை எடுத்துக்கொண்டு வைஜெயந்தி போனாள்.

"இந்த வீட்டு தீதி மூணு வாட்டி சாய் குடுத்துட்டா. வேணாம்னா 'பீலோ, பீலோ'ங்கறா," என்றாள் சௌமியா. பிறகு, "அவன் மூஞ்சி எப்படிடி இருக்கு?"

"தூங்குற மாதிரி."

"புள்ளைக்கு ஆகாதாம். ஒருவாட்டி பாக்க விடல." வயிற்றைத் தடவினாள். "எனக்கு இருந்திருந்தா இந்நேரம் வலிப்பு வந்திருக்கும்ல?"

வைஜெயந்தி ஆய்வுக்கூட நுண்ணோக்கியில் எலியின் கருமுட்டைகளைப் பார்த்திருக்கிறாள். முட்டை முதிரும்போது, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பச்சைப் புள்ளிகளாக நகர்ந்து நடுவே கூடும். ஆணின் விந்தணு கொண்டுவருபவை கருவில் அழிந்துபோகும். பழுதோ நல்லதோ, பிள்ளைக்கு முட்டையில் இருப்பதுதான். அஸ்வினுக்கு வலிப்பாக வந்த பழுது சிலருக்குக் காது மந்தமாகவும் வரும். சௌமியாவின் முட்டைகளோ அவள் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே உருவானவை.

அதை வைஜெயந்தி மெல்லச் சொன்னாள்.

"என்னடி? சத்தமா சொல்லு. ரெண்டு மாசமா இந்தக் காது சரியா கேக்கல. மசக்கையால இருக்கும்."

வேலியருகே அப்பா வந்து நின்றிருந்தார். வேண்டாம் என்பதுபோல் பார்த்தார்.

"அப்பா வழி இல்லக்கா," என்றாள் வைஜெயந்தி, சத்தமாக. "அம்மாவோட முட்டையில வர்றது. நமக்கும் இருக்கு. வயித்துல இருக்கறதுக்கும்."

வேலிக்கு அந்தப் பக்கம், அவர்கள் வீட்டில், பெண்களின் அழுகை நின்றது. அம்மா மட்டும் அழுதுகொண்டிருந்தாள்.