வர்ஷாவின் பட்டப்படிப்பும் ஜெய் போட்ட கணக்கும்

சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் பிரியாணித் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஜெய் கைப்பேசியில் கணக்குப் போட ஆரம்பித்தான். எதிரே அவன் மனைவி வர்ஷா லைம் ஜூஸை உறிஞ்சியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பில் நர்சிங் டிப்ளமா படித்தவர்கள். பத்து வருடமாக ஒரே மருத்துவமனையில் வேலை. அவன் எலும்பு முறிவு வார்டில், அவள் டயாலிசிஸ் பிரிவில். முப்பத்தொரு வயதில் டிகிரி படிக்கலாமா என்று அவள் கேட்டதுதான் இந்தக் கணக்குக்குக் காரணம்.

"ஃபீஸ் இருபத்தேழாயிரம் வெள்ளி. அது பெரிசில்ல. ரெண்டு வருஷம் ஃபுல் டைம் போனா உன் சம்பளம் கட். மாசம் மூவாயிரத்துத் தொள்ளாயிரம். ரெண்டையும் சேர்த்தா ஒரு லட்சத்து இருபதாயிரம்."

"படிச்சு முடிச்சா எவ்வளவு கூடும்?"

"மாசம் நானூத்தம்பது. வகுத்துப் பாத்தா..." ஜெய் உதட்டைப் பிதுக்கினான். "இருபத்திரண்டு வருஷம் லா. போட்ட காச எடுக்கிறப்ப உனக்கு அம்பத்தஞ்சு வயசு."

"நல்லதாப் போச்சு. அப்ப சிபிஎஃப் சேமிப்புப் பணமும் வரும். ரெண்டையும் எடுத்துக்கிட்டு கப்பல்ல டூர் போறேன். நீ வர வேணாம்."

"வெளையாடாத. இது வேணாம், விட்டுடு."

"சரி" என்றாள் வர்ஷா.

அவள் அவ்வளவு சீக்கிரம் சரி என்றது அவனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். கிளப்பவில்லை. அவன் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம்தான் மருத்துவமனையிலிருந்து எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. இந்த வருடம் ஒரு நர்ஸை டிகிரி படிக்க அனுப்புவார்கள். ஃபீஸும் பாதிச் சம்பளமும் அவர்களே தருவார்கள். படித்து முடித்து நான்கு வருடம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும். அதைப் பற்றி வீட்டில் அவனும் வாயைத் திறக்கவில்லை, அவளும் திறக்கவில்லை.

நேர்காணல் நாளன்று, டோபி காட் பக்கம் ஷூ வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஜெய் கிளம்பினான். தஞ்சோங் பகாரில் தோழி தமன்னாவைப் பார்க்கப் போவதாக வர்ஷா ஏற்கனவே சொல்லியிருந்தாள்.

நிர்வாக அலுவலகத்தின் வரவேற்பறையில் அவன் டையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது லிஃப்ட் திறந்தது. கறுப்புக் கோட்டும் கையில் கோப்புமாக வர்ஷா இறங்கினாள்.

அவள் நேராக அவன் காலைப் பார்த்தாள்.

"ஷூ வாங்கியாச்சா?" என்று கேட்டாள் அவள்.

"தமன்னா எப்படி இருக்கா?" என்றான் அவன்.

பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அதிகாரி ரோஷினி நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சவங்களா?"

"ஒரே வீட்டுலதான் இருக்கோம்" என்றாள் வர்ஷா.

முதலில் ஜெய்யைத்தான் கூப்பிட்டார்கள். அவன் எழுந்ததும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "காலர் மடிஞ்சிருக்கு. உள்ள போய் மானத்த வாங்காத." காலரைச் சரிசெய்து அனுப்பி வைத்தாள்.

அடுத்த வாரம் பதில் வந்தது, ஜெய்க்கு. அதை அவன் குளியலறைக்குள் நின்று மூன்று தடவை படித்தான். வெளியே வந்தபோது அவன் முகமே சொல்லிவிட்டது.

"கங்கிராட்ஸ்" என்றாள் வர்ஷா.

அதற்குப் பிறகு அவனிடம் அவள் நோயாளியிடம் பேசுவதுபோல் பேச ஆரம்பித்தாள். "சார், சாப்பாடு ரெடி. தானா எழுந்து வருவீங்களா, ஹெல்ப் வேணுமா?" "சார், ஏசியைக் குறைக்கட்டா?" திட்டினால்கூடத் தாங்கியிருப்பான். இந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

"கோபம் எவ்வளவு? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லு" என்று அவனும் வலியை விசாரிக்கிற நர்ஸ் பாணியிலேயே கேட்டான்.

"பதினொண்ணு."

"எனக்கு வேணாம்னு எழுதிக் கொடுத்துடுறேன்."

"தியாகி வேஷம் போடாத. கிடைக்கலன்னு எனக்குக் கோபமில்ல. நீ அப்ளை பண்ணப் போறத மறைச்சுக்கிட்டு எனக்குக் கணக்குக் காட்டின பாரு, அதான்."

ஜெய் தரையைப் பார்த்தான். "பயந்துட்டேன். கிளாஸ்ல எல்லாப் பரீட்சையிலும் நீதான் முன்னால. நீ வந்தா எனக்குக் கிடைக்காதுன்னு தெரியும்."

வர்ஷா முறைக்கப் பார்த்தாள். முடியவில்லை, சிரித்துவிட்டாள். "என்னைப் பாராட்ட உனக்கு வேற வழியே கிடைக்கலையா?"

பிறகு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்க பிரிவுல கோவிந்தசாமி அங்கிள்னு ஒருத்தர், ஆறு வருஷமா வர்றார். நான் ஊசி போட்டாதான் கையை நீட்டுவார். மருந்தை மாத்தணும்னு எனக்குத் தெரியும். ஆனா டாக்டர் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். டிகிரி முடிச்சு மேலயும் படிச்சா நானே பாத்து முடிவு பண்ணலாம். அதுக்கு மாசம் எத்தனை வெள்ளின்னு கேக்காத."

அவன் கேட்கவில்லை. கைப்பேசியை அவளிடம் நீட்டினான். அவள் கணக்குப் போட்டாள். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் படித்தால் சம்பளம் போகாது. ஃபீஸுக்கு வங்கியில் வாங்கும் கடன் இருபத்தேழாயிரம் மட்டும். வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தால், படித்து முடித்த ஐந்து வருடத்தில் சரியாகிவிடும்.

"பகுதி நேரம்னு ஒண்ணு இருக்கிறது உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"லேசாத் தெரியும்."

தலையணை பறந்து வந்தது.

வங்கியில் வேறு சிக்கல். கடனுக்கு ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். கணவர் போடலாமே என்றார் அங்கிருந்தவர். "அவர் அடுத்த மாசத்திலேர்ந்து ஸ்டூடண்ட், பாதிச் சம்பளம்தான்" என்றாள் வர்ஷா. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

கடைசியில் பஃபலோ சாலையில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஜெய்யின் அப்பா அழகப்பனிடம் போனார்கள். அவர் கடலைப்பருப்பு மூட்டையின் மேல் தாளை வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"மருமக கட்டலன்னா நான் கட்டணுமா?"

"ஆமாப்பா" என்றான் ஜெய்.

"நீ கட்டலன்னா?"

"என் படிப்புக்கு ஆஸ்பத்திரி பொறுப்பு."

"அவங்க பாவம்" என்று சொல்லிவிட்டு அழகப்பன் கையெழுத்துப் போட்டார்.

இப்போது பூன் லேயில் இருக்கும் அவர்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்கப் புத்தகங்கள். ஜெய் பகல் முழுவதும் வகுப்பில் இருக்கிறான். வர்ஷா வேலை முடிந்து மாலை வகுப்புக்குப் போய் வருகிறாள். ஆனாலும் மருந்தியலில் சந்தேகம் வந்தால் அவன்தான் அவளிடம் கேட்கிறான். ஒரு கேள்விக்கு ஒரு பாத்திரம் கழுவ வேண்டும் என்பது அவள் வைத்த கட்டணம். நேற்று ஏழு கேள்வி கேட்டான். தொட்டியில் ஐந்து பாத்திரம்தான் இருந்தது. மீதி இரண்டுக்காக, கழுவி அடுக்கியிருந்த இட்லிப் பானையை இறக்கி, மூடியோடு அவன் முன்னால் வைத்தாள்.