சொந்த ஊரில் ஒரு சுற்றுலாக்காரி

கப்பல் பலெர்மோ துறைமுகத்துக்குள் நுழையும்போதே நின்ஃபாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கணவன் கஸ்பாரே பூசைக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான்.

"மார்செய்ல அரைக்கால் சட்டையோட இறங்கின ஆளு, இன்னைக்கு என்ன இஸ்திரி மடிப்பு கலையாம?"

"ஞாயித்துக்கிழமையாச்சே" என்றான் அவன், மலையைப் பார்த்துக்கொண்டு.

சுற்றி நின்ற ஜெர்மானியர்கள் அந்த மலையைப் படம் எடுத்துத் தள்ளினார்கள். நின்ஃபாவுக்கு அது அடுப்படி ஜன்னலில் தினமும் தெரிகிற மலை. கல்யாணமாகி இருபத்தேழு வருடம் இந்த ஊரில் குடித்தனம் நடத்துகிறவள். ஜெனோவாவில் வேலை பார்க்கும் மகள் லூச்சிலா, அம்மா அப்பாவுக்கென்று ஆசையாக ஒரு வாரக் கப்பல் பயணம் வாங்கிக் கொடுத்தாள். எந்தெந்தத் துறைமுகம் என்று பார்க்க மறந்துவிட்டாள். மார்செய், பார்சிலோனா, துனிஸ் எல்லாம் சுற்றிவிட்டுக் கப்பல் சொந்த ஊருக்கே வருகிறது என்று ஜெனோவாவில் ஏறும்போதுதான் தெரிந்தது. மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். நின்ஃபாவோ சந்தோஷப்பட்டாள்.

"நல்லதாப் போச்சு. பலெர்மோல நான் என்ன பாத்தேன்? பள்ளிக்கூடத்து அடுப்பு, வீட்டு அடுப்பு. கஸ்பாரே, அன்னைக்கு ஒருநாள் என்னை வெளியூர்க்காரி மாதிரி கூட்டிட்டுப் போ. அரண்மனைக்குள்ள தங்கத்தால இழைச்ச கோயில் இருக்காமே, அதைக்கூட நான் காலண்டர்லதான் பாத்திருக்கேன். நீயும் நானும் மட்டும் போகணும்."

"கண்டிப்பா" என்று சொல்லியிருந்தான் கஸ்பாரே. மகள்தான் சாட்சி.

துறைமுக வாசலைத் தாண்டியதும் சட்டையின் ரகசியம் வெளியானது. கஸ்பாரேயின் அக்கா மிம்மா இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு நின்றாள். ஒரு கையில் பை, பை நிறையக் கத்தரிக்காய்.

"நின்ஃபா! எப்படிக் கறுத்துட்டே! சீக்கிரம் வாங்க, வண்டியை நிறுத்தக் கூடாத எடத்துல நிறுத்தியிருக்கேன், போலீஸ்காரன் முறைக்கிறான்."

"எங்க போறோம்க்கா?"

"எங்கயா? உங்க வீட்டுக்குத்தான்! காலையிலயே போய் ஜன்னலெல்லாம் தொறந்து விட்டு, ஓவனையும் சூடு பண்ணிட்டேன். தோத்தோ சித்தப்பா, அவர் பொண்ணுங்க, எங்க சம்பந்தி வீட்டுக்காரங்க, பத்துப் பதினஞ்சு பேர் வர்றாங்க."

"சமையல் யாரு?"

நல்ல நகைச்சுவையைக் கேட்டதுபோல மிம்மா சிரித்தாள். "கத்தரிக்காய் வச்சு ஓவன்ல சுடுற மோதிரப் பாஸ்தாவுக்கு உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்? கத்தரிக்காயை நானே பொறுக்கி எடுத்தேன். நீ வந்து கரண்டியைத் தொட்டாப் போதும்."

நின்ஃபா கணவன் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

"பார்சிலோனால இருந்து பேசினப்ப அவளாத்தான் கேட்டா. ஊருக்குள்ள வந்துட்டு வீட்டுப் பக்கம் தலை காட்டலேன்னா நல்லாவா இருக்கும்? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

நின்ஃபாவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. பார்சிலோனாவில் இவனோடு கடற்கரையில் நடந்தாளே, துனிஸில் இவனுக்குத் தொப்பி பேரம் பேசினாளே, அப்போதெல்லாம் இவன் வயிற்றுக்குள் இந்தச் செய்தி இருந்திருக்கிறது! வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொட்டுகிறாள், ஞாயிற்றுக்கிழமை இவன் சொந்தபந்தத்துக்குக் கொட்டுகிறாள். தேனிலவுக்கு வெனிஸ் என்று பேசி வைத்திருந்தபோதும் இந்த மிம்மாவுக்குத்தான் பிரசவம் வந்தது. கஷாயம் வைக்கப் போனவள், வெனிஸை மறந்தாள். இப்போது கடல் கடந்து மூன்று தேசம் சுற்றி வந்தும் கடைசியில் அவளுக்கு வாய்த்தது அதே அடுப்படிதானா?

விறுவிறுவென்று நடந்தாள். வெளிநாட்டவருக்காக வரிசைகட்டி நின்ற குதிரை வண்டிகளில் முதலாவதில் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டிக்காரன் நித்தோ முகம் மலர்ந்தான். அவன் பிள்ளைகள் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். "அட, பள்ளிக்கூடத்து அம்மா! வீட்டுக்கா?"

"வீட்டுக்கு இல்ல. நான் வெளியூரு. ஊரைச் சுத்திக் காட்டு."

நித்தோ அவள் முகத்தைப் பார்த்தான், பின்னால் ஓடிவரும் புருஷனைப் பார்த்தான். "எந்த ஊரும்மா நீங்க?" என்று மரியாதையாகக் கேட்டான்.

"கப்பல்."

"நின்ஃபா, இறங்கு! தெரிஞ்சவங்க பாக்குறாங்க" என்று மூச்சிரைக்க வந்தான் கஸ்பாரே.

"பாக்கட்டும். உனக்கு வரணும்னா ஏறு. இல்லேன்னா அந்தப் பக்கம் போய்க் கத்தரிக்காய் நறுக்கு."

வண்டி நகர்ந்தது. கஸ்பாரே தாவி ஏறினான். பின்னாலேயே மிம்மாவின் சின்னக் கார் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ரோமா வீதியில் சிவப்பு விளக்கு விழுந்ததும் கார் குதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"கஸ்பாரே, உன் பொண்டாட்டிக்கு என்ன வந்துச்சு? நான் அடிக்கவா கூப்பிட்டேன்? சாப்பிடத்தானே கூப்பிட்டேன்!"

"இல்லக்கா, சமைக்கக் கூப்பிட்டீங்க" என்றாள் நின்ஃபா.

"குடும்பத்துக்கு ஒருவேளை சமைச்சா கை தேஞ்சா போயிடும்?"

"தேஞ்சுதான் போச்சு. வேணும்னா பாருங்க!" என்று இரண்டு உள்ளங்கைகளையும் காருக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

மேல்மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "அந்தம்மா சொல்றது நியாயந்தானே!"

காப்பிக் கடை வாசலில் பேப்பர் படித்த பெரியவரும் விடவில்லை. காருக்குள் தெரிந்த பையைக் காட்டினார். "நாத்தனாரு பாவம், காய்கறியெல்லாம் வாங்கிட்டு வந்திருக்கு!"

"அவ்ளோ பாவம்னா நீங்க போய் வறுத்துக் கொடுங்களேன்!" என்றாள் மேல்மாடிக்காரி.

பச்சை விழுந்தது. நித்தோ கடிவாளத்தைத் தளர்த்தவில்லை. இந்தக் கதையின் முடிவு தெரியாமல் நகர அவனுக்கும் மனமில்லை. பின்னால் வாகனங்கள் அலறின.

நின்ஃபா குரலைத் தாழ்த்தினாள். "கஸ்பாரே, நான் உங்க அக்காவோட சண்டை போடுறேன்னு நினைக்காத. என் சண்டை உன்கூட. என்கிட்ட ஒண்ணு சொன்ன, அவங்ககிட்ட ஒண்ணு சொன்ன. வர்றோம்னு சொன்னது நீ. வரலைன்னும் நீதான் சொல்லணும். எனக்காக உன் வீட்டாளுங்ககிட்ட ஒரு தடவை 'முடியாது'ன்னு சொல்லு. இல்லேன்னா இங்கயே இறங்கிப் போ, நான் தனியாப் போய்க்கிறேன்."

கஸ்பாரே வியர்த்துப்போனான். அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், உதவி கேட்பதுபோல நித்தோவின் முதுகைக்கூடப் பார்த்தான். பிறகு எழுந்து நின்றான். குதிரை அசைந்ததில் விழப்போய் இருக்கையைப் பிடித்துக்கொண்டான்.

"மிம்மா, நாங்க வரலை."

"என்னது?"

"வரலை! இவகிட்டக் கேக்காம சரின்னு சொன்னது என் தப்பு. இன்னைக்கு இவளுக்கு லீவு."

மிம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "அங்க பத்துப் பதினஞ்சு பேர் வந்து உக்காந்திருப்பாங்களே, நான் என்ன சொல்லட்டும்?"

"ஓவன் சூடா இருக்கு, வீட்டுச் சாவியும் உங்ககிட்ட இருக்கு. நடத்துங்கக்கா" என்றாள் நின்ஃபா.

கண்ணாடி ஏறியது. கார் வலப்பக்கச் சந்தில் சீறித் திரும்பியது. நித்தோ குதிரையைத் தட்டிவிட்டான். மேல்மாடிக்காரி கை தட்டினாள்.

அரண்மனைக் கோயில் வாசலில் கப்பல்கூட்டத்தோடு வரிசையில் நின்று உள்ளே போனார்கள். சுவர், வளைவு, கூரை என்று எங்கும் தங்கம் குழைந்து கிடந்தது. அத்தனை உயரத்திலிருந்து பெரிய கண்களோடு கூரைச் சித்திரத்து இயேசு அவளைப் பார்த்தார். வீட்டிலிருந்து நடந்து வருகிற தூரம்! யாரோ எங்கிருந்தோ விமானம் ஏறி வந்து இதைப் பார்க்கிறார்கள், நாமோ தக்காளி கிளறிக்கொண்டே காலத்தைப் போக்கிவிட்டோமே என்று நினைத்தபோது கண் கலங்கியது.

"மிம்மா ரொம்பக் கோவமாப் போனா, இல்ல?" என்று காதருகே கிசுகிசுத்தான் கஸ்பாரே.

வந்த கண்ணீர் அப்படியே உள்ளே போய்விட்டது. "இங்கயும் மிம்மாவா? ஒரே ஒரு நாள் கேட்டேன் கஸ்பாரே. அதையும் நடுரோட்டுல, ஊர் வேடிக்கை பாக்க, சண்டை போட்டு வாங்க வேண்டியிருக்கு. இது உனக்கே அசிங்கமா இல்ல?"

காவலாளி உதட்டில் விரல் வைத்தார்.

"இருக்கு" என்றான் கஸ்பாரே மெல்ல.

வெளியே வந்து, கடலைமாவு வில்லைகளைப் பொரித்து வைத்த ரொட்டி வாங்கி, பூங்காவில் ஒரு பனைமர நிழலில் உட்கார்ந்தார்கள். நின்ஃபா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். யாரோ சமைத்ததைச் சூடாகத் தின்பதில் ஒரு தனி ருசி இருந்தது.

"இப்ப எங்க போகலாம்?" என்று கேட்டான் அவன்.

இந்த ஊரில் அவளிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி. யோசித்துப் பார்த்தாள்.

"எங்கயும் போக வேண்டாம். கப்பல் கிளம்புற வரைக்கும் இப்படியே உக்காந்திரு. எழுந்திருக்கக் கூடாது. யாருக்கும் போன் பண்ணக் கூடாது."

"சரி." போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கேட்டான். "கோவம் போயிடுச்சா?"

"போறதா? உன்னை அவ்ளோ சுலபமா விட்டுடுவேனா? கப்பல்ல வச்சு மிச்சத்தையும் கேக்கப் போறேன். பார்சிலோனாலேர்ந்து ஆரம்பிச்சு."

கஸ்பாரே தலையாட்டிக்கொண்டான். நின்ஃபா அவன் கையில் பாதி மிச்சமிருந்த ரொட்டியைப் பிடுங்கிக் கடித்துக்கொண்டு, இஸ்திரி மடிப்பு நன்றாகவே கலையும்படி அவன் தோளில் சாய்ந்தாள்.